பெய்ஜிங் அரண்மனையில் ஒரு துறவி ஓவியர்

வீரமாமுனிவரை அறியாத தமிழாசிரியர் இரார். இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1710-ஆம் ஆண்டில் கோவாவில் வந்திறங்கி, தமிழ் கற்றுத் தேம்பாவணியும் சதுரகராதியும் நமக்குத் தந்தவர் அவர். அவர் பிறந்த ஊரின் பெயர் காஸ்திலியோனே. அப்பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட மற்றோர் இத்தாலியர், அதே சபையினர், நான்கே ஆண்டுகள் கழித்து அதே கோவாவைத் தொட்டுக்கொண்டு சீனத்திற்குச் சென்றார். பெஸ்கி தமிழகத்தில் வீரமாமுனிவர் ஆனதுபோல் ஜூசெப்பே காஸ்திலியோனே சீனத்தில் லாங் ஷீநிங் ஆனார். முன்னவர் தம் சமயத்தைத் தமிழில் பாடினார். பின்னவர் வாய்திறந்து தம் சமயத்தைப் பேச வாய்த்த தருணங்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். ஐம்பத்தோர் ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் ஓவியம் வரைந்ததே. அந்த வாழ்வைச் சமயத்தொண்டு என்று கொள்வது தகுமா என்னும் வினா அவர் காலத்திலேயே எழுந்தது.

காஸ்திலியோனே 1688-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள் மிலான் நகரிற் பிறந்தார். இளமையிலேயே ஓவியம் பயின்றார். 1707-இல், பத்தொன்பதாம் வயதில், ஜெனோவாவில் இயேசு சபையிற் சேர்ந்தார். சேர்ந்தவர் குருப்பட்டத்தை நாடவில்லை. திருப்பலி நிறைவேற்றாமல், மறையுரை ஆற்றாமல், கைத்தொழிலால் சபைக்கு உதவும் சகோதரராகவே இறுதிவரை இருந்தார். சமையல் செய்வோர், மருந்து கலப்போர், கட்டடம் எழுப்புவோர் எனப் பலரும் அந்நிலையில் சபையில் இருந்தனர். ரோமாபுரியில் புனித இஞ்ஞாசியார் கோயிலின் விதானத்தை வான்வரை திறந்ததுபோல் தோன்றும்படி தீட்டிப் புகழ்பெற்ற அந்திரேயா பொசோவும் அத்தகைய சகோதரரே. அவர் எழுதிய நூல் ஓவியர்களுக்கு இலக்கணம் போல் விளங்கிய காலம் அது. ஜெனோவாவில் இளைஞர் காஸ்திலியோனே சபை இல்லத்துக்காக வரைந்தனவாகக் கருதப்படும் விவிலியக் காட்சிகள் சில இன்றும் அந்நகரில் உள்ளன.

சீனப் பேரரசர் காங்சி கலைஞரையும் அறிவியலாரையும் விரும்பி வரவேற்றவர். நாள்கணிக்கும் வானநூலார், கடிகாரம் செய்வோர், மருத்துவர், ஓவியர் ஆகியோரை அரண்மனைக்கு அனுப்பினால் அவர்களுடைய நிழலில் மறைப்பணியாளரும் வாழலாம் என்பது இயேசு சபையினர் மத்தேயோ ரிச்சியின் காலந்தொட்டுக் கண்டறிந்த வழி. அப்பணிக்குத் தாமே முன்வந்தவர்களுள் காஸ்திலியோனே ஒருவர். போர்த்துக்கல் நாட்டில் கொயிம்பிரா நகரில் சில ஆண்டுகள் தங்கி அங்கிருந்த சிற்றாலயத்திற்கு ஓவியம் தீட்டினார். 1714-இல் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். மறு ஆண்டு மக்காவ் சேர்ந்து, அவ்வாண்டின் இறுதிக்குள் பெய்ஜிங் புகுந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. அக்காலத்தில் இப்படிச் சென்றவர் ஊர் திரும்புவது அரிது என்பதை அவர் அறிந்தே சென்றிருக்க வேண்டும்.

அவர் சென்ற நேரம் நல்ல நேரமன்று. சீனர் தம் முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் செய்யும் வழிபாட்டைக் கிறிஸ்தவர் செய்யலாமா என்ற பூசல் திருச்சபையில் நெடுங்காலமாக நடந்து வந்தது. அதைச் செய்தலாகாது என்று திருத்தந்தை பதினொன்றாம் கிளமெண்டு உறுதியாக ஆணையிட்டது அவர் பெய்ஜிங் சேர்ந்த அதே 1715-இல். முன்பு பரிவு காட்டிய காங்சியே சினமுற்று 1721-இல் மறைபரப்புக்குத் தடை விதித்தார். விருந்தாளியாக அழைக்கப்பட்ட வீட்டில், உள்ளே நுழைந்த அன்றே குடும்பச் சண்டை மூண்டது போன்ற நிலை அது.

தொடக்கக் காலத்து நிகழ்ச்சி ஒன்று படிப்போர்க்குச் சிரிப்பூட்டும். செம்பின்மீதும் பீங்கான்மீதும் எனாமல் வண்ணம் தீட்டும் கலையில் காங்சிக்குப் பெருவிருப்பம் தோன்றியது. காஸ்திலியோனேயையும் மத்தேயோ ரிப்பா என்ற மற்றோர் இத்தாலியக் குருவையும் அவ்வேலையில் அமர்த்தினார். காலை முதல் மாலை வரை பட்டறையில் அடைபட்டுக் கிடக்கும் வேலை. இருவரும் அதைக் கற்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு, வேண்டுமென்றே மோசமாகத் தீட்டினர். பார்த்த பேரரசர் போதும் என்று விட்டுவிட்டார். இதை ரிப்பாவே தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். துறவிகளுக்கும் குறும்பு உண்டு போலும்!

காங்சிக்குப்பின் அரியணை ஏறிய யோங்செங் 1724-இல் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தார். மறைப்பணியாளர் தென்கோடியிலுள்ள கான்டன் நகருக்குத் துரத்தப்பட்டனர். ஆயினும் அரண்மனைக்குப் பயன்பட்டோர் மட்டும் பெய்ஜிங்கில் இருக்க இசைவு பெற்றனர். காஸ்திலியோனேயின் தூரிகையே அவருக்குக் குடியிருப்பு உரிமைச் சீட்டாயிற்று. அவரையும் அவரொத்த சிலரையும் அரண்மனை வேண்டியதால்தான் பெய்ஜிங்கின் தேவாலயங்களும் அவற்றில் கூடிய சிறு கூட்டமும் நிலைத்தன.

அவர் பெயரை இன்றும் சொல்ல வைக்கும் ‘நூறு குதிரைகள்’ ஓவியம் இந்த யோங்செங் ஆட்சியில், 1728-இல் முடிந்தது. பட்டுத்துணியில் தீட்டிய சுருள் அது. உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளமோ எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சீன முறைப்படி வலமிருந்து இடமாக விரித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் மரநிழலில் மேய்ப்பர் கூடாரம். அப்பால் பரந்த புல்வெளியில் குதிரைகள் மேய்கின்றன, புரள்கின்றன, ஒன்றையொன்று துரத்துகின்றன. கொழுத்த குதிரைகளுக்கிடையே எலும்பெடுத்த ஒன்றும் நிற்கிறது. இடக்கோடியில் சில நீரைக் கடக்கின்றன. பொருளும் சுருள் வடிவும் பட்டும் சீனத்துக்குரியவை. ஆனால் குதிரையின் உடல் திரண்டு நிற்பதும், நேர் எதிரே நம்மை நோக்கி வரும் குதிரையின் உடல் குறுகித் தெரிவதும், தொலைவிலுள்ளவை சிறுத்துச் செல்வதும் இத்தாலியில் கற்றவை. இதற்காக அவர் தாளில் வரைந்த முழு அளவு முன்வரைவு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. மூல ஓவியம் தைப்பேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. பட்டில் ஒருமுறை தீட்டினால் அழித்துத் திருத்த வழியில்லை. எனவே அந்த முன்வரைவின் உழைப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். இந்த ஓவிய அறிவைச் சீனருக்கு அவர் மறைக்கவுமில்லை. நியன் சியாவ் என்ற சீன அலுவலர், பொசோவின் நூலைத் தழுவி, தொலைவுத் தோற்றத்தை வரையும் முறைபற்றி 1729-இல் வெளியிட்ட நூலுக்கு அவர் துணைநின்றார்.

கொடுத்ததைப் போலவே அவர் விட்டுக்கொடுத்ததும் மிகுதி. ஒளியையும் நிழலையும் மோதவிட்டு முகத்தைத் தீட்டுவது ஐரோப்பிய ஓவியத்தின் உயிர்நிலை. சீன அரண்மனையினருக்கோ முகத்தில் விழும் நிழல் அழுக்காகத் தோன்றியது. ஆகவே அவர் முகத்து நிழலைத் துறந்தார். முழு ஒளி நேரே விழுவதுபோல் அமைத்து, மெல்லிய வண்ண வேறுபாட்டினாலேயே மூக்கையும் கன்னத்தையும் எழச்செய்தார். 1736-இல் பட்டமேறிய பேரரசர் சியான்லோங், பேரரசி, தேவியர் ஆகியோரின் உருவங்கள் கொண்ட சுருள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் முதல் முகங்களைக் கண்டால் இந்த முறை விளங்கும். உடையும் பின்புலமும் பெரும்பாலும் சீன ஓவியர் கைவண்ணமாகவே இருக்கும். ஓர் ஓவியத்தில் பலர் கை இருப்பது அங்கு வழக்கம். பெயருக்கு ஏங்கும் கலைஞனுக்கு அவ்விடம் பொருந்தாது.

அங்கு வாழ்ந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை, பின்னர் வந்து சேர்ந்த பிரெஞ்சு ஓவியச் சகோதரர் ழான் தெனி அத்திரே 1743-இல் தாயகத்திற்கு எழுதிய மடல் காட்டுகிறது. குளிர்காலத்தில் நடுங்கும், கோடையில் வேகும் சிறு கூடத்தில் நாள் முழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும்கூட இறைவேண்டலுக்கு நேரம் வாய்ப்பது அரிது. கற்றதை மறந்து புதிதாகக் கற்க வேண்டிய கட்டாயம். தம் தூரிகை மறைக்குப் பயன்படுகிறது, அதனால் பேரரசர் மறைப்பணியாளரிடம் இரக்கம் காட்டுகிறார் என்ற நம்பிக்கை இல்லாவிடின் அன்றே தூரிகையை வைத்துவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பியிருப்பேன் என்ற கருத்தை அவர் ஒளிவின்றி எழுதினார். காஸ்திலியோனே அங்கு வந்து அப்பொழுது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த நம்பிக்கை எவ்வளவு மெய் என்பது 1736-இல் சோதிக்கப்பட்டது. சியான்லோங் ஆட்சியேறிய உடனே கிறிஸ்தவர்மீது கெடுபிடி வலுத்தது. குருமார் எழுதிய முறையீடு பேரரசரை எட்ட வழியில்லை. அமைச்சர்கள் எல்லா வாயிலையும் அடைத்திருந்தனர். ஆனால் பேரரசருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காஸ்திலியோனே வரைவதை அருகே வந்திருந்து பார்ப்பார். ஒருநாள் அவ்வாறு அவர் வந்து அமர்ந்தபோது ஓவியர் தூரிகையை வைத்தார், மண்டியிட்டார், தம் மறையினருக்காகத் தழுதழுத்துப் பேசி, மடியிலிருந்து மஞ்சள் பட்டில் சுற்றிய முறையீட்டை எடுத்து நீட்டினார். முறை கடந்து பேரரசரிடம் நேரே விண்ணப்பம் நீட்டுவது உயிருக்கே கேடு விளைக்கக்கூடிய செயல். சூழ நின்ற ஏவலர் அஞ்சி நடுங்கினர். சியான்லோங் சினக்கவில்லை. உங்கள் மறையை நான் பழிக்கவில்லை, மஞ்சூரியப் படைக்குடியினர் அதைத் தழுவுவதை மட்டுமே தடுத்தேன் என்ற பொருள்பட மறுமொழி கூறினார், முறையீட்டையும் ஏற்றுக்கொண்டார். கெடுபிடி தளர்ந்தது.

மறு ஆண்டில் மீண்டும் அவர் மண்டியிட நேர்ந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த சீனக் கிறிஸ்தவர் ஒருவர் பிடிபட்டதால் எழுந்த தொல்லை அது. மூன்றாம் முறை 1746-இல். பூக்கியன் மாநிலத்தில் மறைந்து பணியாற்றிய ஸ்பானியத் தொமினிக்க சபைக் குருமார் சிறைப்பட்டிருந்தனர். இம்முறை வேண்டுதல் பலிக்கவில்லை. ஆயர் பேதுரு சான்ஸ் 1747-ஆம் ஆண்டு மே மாதத்தில் தலை வெட்டப்பட்டார். மற்றவர்களும் அடுத்த ஆண்டில் கொல்லப்பட்டனர். அரசவை ஓவியருக்கோ மறுநாளும் அரண்மனையில் வேலை இருந்தது. அந்த நாள்களில் அவர் எந்த மனத்தோடு வண்ணம் குழைத்தார் என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. சினந்து வெளியேறியிருக்கலாம் என்பார் உண்டு. வெளியேறினால் பெய்ஜிங்கில் எஞ்சியிருந்தோருக்குப் பேச ஒரு வாயும் இராது. அவர் இருந்ததே சரி என்பது என் கருத்து. எனினும் மறுதரப்பார் சொல்வதை எளிதில் தள்ள முடியவில்லை.

அதே 1747-இல்தான் பேரரசர் மற்றொரு பணியைத் தந்தார். யுவான்மிங்யுவான் என்னும் வேனில் அரண்மனைத் தோட்டத்தில் ஐரோப்பிய பாணி மாளிகைகள் எழ வேண்டும். கட்டடங்களைக் காஸ்திலியோனே வடிவமைத்தார். நீரூற்றுப் பொறிகளைப் பிரெஞ்சுக் குரு மிஷேல் பெனுவா அமைத்தார். ஒரு மாளிகைமுன் எலி, எருது, புலி முதலாகச் சீனர் ஆண்டுக்கணக்கில் வரும் பன்னிரு விலங்குகளின் வெண்கலத் தலைகள்; ஒவ்வொன்றும் தனக்குரிய இரண்டு மணி நேரத்தில் நீர் சொரிய, நண்பகலில் பன்னிரண்டும் சேர்ந்து சொரியும். நம் நாட்டுச் சீன நண்பர்கள் புத்தாண்டில் சொல்லும் அதே பன்னிரண்டு விலங்குகள்தாம். 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அத்தோட்டத்தைக் கொள்ளையிட்டன. பின்னர்ப் பிரிட்டிஷார் தீ வைத்தனர். சீனப் பேரரசர்கள் தடைசெய்தும் இடிக்காமல் காத்த அத்துறவியின் கட்டடங்களைக் கிறிஸ்தவ நாட்டுப் படைகளே அழித்தன. சிதறிய தலைகளுள் சில ஏலக்கூடங்களில் தோன்றின. எலியும் முயலும் 2013-இல் சீனத்துக்குத் திரும்பின. பெய்ஜிங் தேவாலயங்களுக்கென அவர் தீட்டிய சுவரோவியங்களும் தீயில் போயின. ஆக, இறைவனுக்காக வரைந்தவை மறைய, அரசனுக்காக வரைந்த குதிரைகளும் நாய்களும் பருந்துகளும் நிலைத்துவிட்டன.

இவர் எத்தனை பேரை மதம் மாற்றினார் என்று கேட்டால் சொல்லத்தக்க எண் இல்லை. ஓவிய வல்லுநர்களிலும் சிலர், இவர் ஐரோப்பியராகவும் நிற்காமல் சீனராகவும் ஆகாமல் இடையில் நின்றவர் என்று குறை கூறினர். சீனத்தின் மூதறிஞர் மரபினர் அவரைக் கைவினைஞராகவே மதித்தனர். இக்குறைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அயல்நாட்டுத் தமிழாசிரியர்கள் நினைவுக்கு வருவதுண்டு. அவர்களும் இரு கரைக்கும் நடுவே நின்று பணியாற்றுபவர்களே. அது நிற்க.

1757-இல், சீனக் கணக்கில் அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, பேரரசரின் பரிசுப்பொருள்கள் நகர வீதி வழியே ஊர்வலமாக அவர் இல்லத்திற்கு வந்தன. 1766-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பெய்ஜிங்கிலேயே மறைந்தார். எழுபத்தெட்டு வயது நிறைய மூன்றே நாள்கள் இருந்தன. நகருக்கு வெளியே, ரிச்சி முதலியோர் துயிலும் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். இறுதிச் சடங்குக்கென முந்நூறு வெள்ளி வழங்கி, காங்சி காலந்தொட்டு அரண்மனையில் உழைத்தவர் என்று போற்றி, துணை அமைச்சர் நிலையையும் சியான்லோங் ஆணையிட்டு அளித்தார். அந்த ஆணையில் அவர் சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்வாணை பொறித்த கல் இன்றும் பெய்ஜிங்கில், ஓர் அரசாங்கக் கல்லூரியின் வளாகத்துள் நிற்கிறது. அதன் நடுவே பெரிய எழுத்தில் இருப்பது, இயேசு சபையினர் லாங் அவர்களின் கல்லறை என்பது.