கருப்பையைக் காக்கும் கண்ணாடித் தகடு

மூன்று அங்குல நீளம், ஓர் அங்குல அகலம். கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளில், அந்தக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு பெண்ணின் இலக்கத்தைப் பென்சிலால் எழுதுகிறார்கள். பேனா உதவாது, அடுத்துத் தகடு மூழ்கப்போகும் மதுசாரத்தில் மை கரைந்துவிடும்.

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. 35 வயதான பெண்களை அழைத்துப் பப் பரிசோதனை செய்வது அவற்றின் முக்கிய வேலை. பின்னர் 45 வயதும் சேர்ந்தது. கருப்பைக் கழுத்தில் சிறு கரண்டியால் மெல்லத் தடவி எடுத்த கலங்களைத் தகட்டில் பூசி, காயுமுன் மதுசாரத்தில் இடுகிறார்கள். காய்ந்துவிட்டால் கலங்கள் உருக்குலைந்து, பார்ப்பவரை ஏமாற்றும்.

இந்த முறையைத் தந்தவர் கிரேக்கத்தில் பிறந்து 1913இல் அமெரிக்கா போன ஜோர்ஜ் பப்பனிக்கொலோ. அவருடைய மனைவி ஆந்திரொமாக்கி ஆய்வுக்காகத் தன் கலங்களையே ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தார். 1928இல் பப்பனிக்கொலோ இந்த முறையை முதலில் சொன்னபோது மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1943இல் ஹேர்பேர்ட் டிராவுட்டுடன் எழுதிய நூல்தான் அதை உலகெங்கும் கொண்டுசென்றது.

கிளினிக்கிலிருந்து தகடு ஆய்வுகூடம் போகிறது. சாயங்களில் மாறி மாறித் தோய்கிறது. நுணுக்குக்காட்டியின் கீழ், நல்ல கலத்துக்கு உடல் பெரிது, கரு சிறிது. மாறத் தொடங்கிய கலத்திலோ கரு பெருத்து, கறுத்து, ஓரம் கோணலாகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் உடலில் நீண்டகாலம் தங்கிவிட்டதன் தடயம் அது. அது இன்னும் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாகப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது எடுக்கும். அந்த ஆண்டுகள்தாம் வைத்தியத்துக்குக் கிடைக்கும் அவகாசம்.

மாற்றம் கண்ட தகட்டுக்குரிய பெண்ணை வைத்தியசாலைக்கு அழைத்து, கொல்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கிறார்கள். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவினால் சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துக் காட்டும். அங்கிருந்து சிறு துணுக்கை எடுத்து, மாற்றம் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று உறுதிசெய்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம் பெண்களைப் பயம் பிடிக்கிறது. "கர்ப்பப்பையை எடுத்துப்போடுவாங்களாம், இனிப் புள்ள பெற ஏலாதாம்" என்ற பேச்சு ஒருத்தியை வீட்டோடு நிறுத்திவைக்கப் போதும். ஒரு காலத்தில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. கத்தியால் ஆழமாகக் கூம்பு வடிவில் வெட்டினார்கள். சிலருக்குக் கருப்பையையே அகற்றினார்கள். 1989இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து வால்ட்டர் பிரெண்டிவில்லும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை அந்த நிலையை மாற்றியது. மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால், மரக்கும் ஊசி போட்டு, கெட்ட பகுதியை மட்டும் சில நிமிடத்தில் வழித்தெடுக்கலாம். பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இந்த ஒரு சிகிச்சையே போதுமாகிறது. கருப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கருத்தரிக்கும் வாய்ப்பை இது குறைப்பதாகச் சான்று இல்லை. ஆனால் எடுக்கும் ஆழம் 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் பின்னர் குறைமாதப் பிரசவம் ஆகும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் பிள்ளை வேண்டும் என்றிருக்கும் பெண்ணிடம் கவனமாக, வேண்டிய அளவே எடுக்கிறார்கள். இளம்பெண்களில் நடுத்தர மாற்றம் கண்டால் எல்லோருக்கும் உடனே வளையத்தால் வழித்தெடுப்பதும் இல்லை. அத்தகைய மாற்றங்களில் ஏறத்தாழப் பாதி, இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறைவதை 2018இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. இவர்களைக் குறித்த தவணைகளில் அழைத்துப் பார்த்துவருவதும் சிகிச்சைதான். தவணை தவறாதவளுக்கே அது பலிக்கும்.

கருப்பையைப் பறிப்பது பெரும்பாலும் முற்றிய பிறகு வந்து சேரும் நோய். கிளினிக்குக்குப் பயந்து ஒளிக்கிறவளுக்கு, தான் காப்பாற்ற நினைத்ததையே இழக்க நேரிடுகிறது.

எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுத்து அவளை அருகிலேயே வைத்துக்கொள்வது வழக்கம். உம்மாவின் சொல்லுக்கு இங்கே அவ்வளவு வலு. ஆறாம் வகுப்பு மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் நாட்டில் இலவசம். அதற்குத் தயங்காமல் சம்மதிப்பது உம்மாவின் கையில் இருக்கிறது. ஊசி போட்ட மகளும் வளர்ந்த பின் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்பதையும் அவரே சொல்லவேண்டும்.

35 வயதானவர்கள் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள். உறவுக்குப் பின் இரத்தம் காண்பவர்கள் அந்த வயதுவரை காத்திராமல் இப்போதே வைத்தியரைப் பாருங்கள். வெட்கமாக இருந்தால் பெண் வைத்தியரைக் கேட்பதில் தப்பே இல்லை. சிகிச்சைக்கு முன், "எனக்கு இன்னும் பிள்ளை வேணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு கருவுற்றால், முதல் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலேயே இந்தச் சிகிச்சை செய்ததைத் தெரிவியுங்கள். உங்களை எப்படிக் கவனிப்பது என்று அவர்கள் அதைக் கொண்டே திட்டமிடுவார்கள்.