ஞாயிறு இறைத்த நீர்

எகிப்து, கதிரவனைக் கடவுளாக்கிய நாடு. 'ரா' என்று பெயரிட்டு, கோயில் எழுப்பி, பூசாரிக் கூட்டத்துக்குப் பொன்னும் நிலமும் கொட்டிக் கொடுத்தனர் மன்னர்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகள் கும்பிட்டும், ஒரு குடம் நீரையேனும் இறைத்துத் தந்ததா அந்தக் கடவுள்? உழவன் அல்லவா ஏற்றம் பிடித்து இறைத்தான்!

1913-இல், கெய்ரோவை அடுத்த மாஆதியில், அந்தக் கதிரவனிடம் வேலை வாங்கினார் ஒருவர். பிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர். தொட்டிபோல் வளைந்த ஆடி வரிசைகள் ஐந்து. ஒவ்வொன்றும் 204 அடி நீளம். அவை வெயிலைக் குவித்து, நடுவே ஓடிய குழாய் நீரைக் கொதிக்க வைத்தன. எழுந்த ஆவி எந்திரத்தை ஓட்டியது. நிமிடத்துக்கு 6,000 காலன் நைல் நீர் வயலுக்குப் பாய்ந்தது! பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்த நிலக்கரிக்கோ கொள்ளை விலை. வெயிலுக்கு ஏது விலை?

பிறகேன் நின்றது? 1914-இல் போர் மூண்டது. பொறியாளர்கள் தத்தம் நாடு திரும்பினர். நிலையம் பழைய இரும்பாயிற்று. அதே ஆண்டில், ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது பிரிட்டிஷ் அரசு. கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டுமாம்! 1918-இல் ஷூமன் மறைந்தார்.

தோற்றது கதிரவனா, ஷூமன் போட்ட கணக்கா? இரண்டுமல்ல, தோழர்களே! எண்ணெய்க் கிணற்றுக்கு வேலி போடலாம், காவல் வைக்கலாம், வெயிலுக்கு முடியுமா? ஆதிக்கக்காரருக்கு அதனால் என்ன ஆதாயம்?

கெய்ரோவுக்குத் தெற்கே குரைமாத்தில், அதே வகை வளைவாடிகள் மீண்டும் வேலை தொடங்க 2011 ஆயிற்று. 140 மெகாவாட் நிலையம். அதில் கதிரவன் பங்கு 20, மீதி எரிவாயு.