முன்கோபம் (கால்பந்து)

பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பெயரைக் கால்பந்து வீரரின் முன்கோபம் ஒரே நொடியில் அழித்துவிடும் என்பது பரவலான கருத்து. இந்தியக் கால்பந்தின் வரலாற்றைப் பார்த்தால் இதில் பாதிதான் உண்மை. கோபம் எவ்வளவு பெரிதோ கறையும் அவ்வளவு பெரிதாகப் படிவதில்லை. அது எங்கே, எப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு நடுவே வெடித்தது என்பதுதான் கறையை வளர்க்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தாருக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டாம். பட்டாசு ஆலை விபத்து என்றால் ‘மருந்துக் கலவையில் உராய்வு’ என்றுதான் செய்தி வரும். உராய்வு தீயை மூட்டியது சரி. ஆனால் நான்கு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து குவிந்து கிடந்தது என்பவைதான் சாவு எண்ணிக்கையை முடிவு செய்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் பலிகொண்ட ஆலை, உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட பிறகும் இயங்கிக்கொண்டிருந்தது.

கால்பந்தில் இதற்கு நெருங்கிய நிகழ்வு 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது. மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலின் பின்கள வீரர் திலீப் பாலித், மோகன் பகானின் ஓர ஆட்டக்காரர் பிதேஷ் போஸை முரட்டுத்தனமாகத் தடுத்தார், பிதேஷ் பொறுமை இழந்து திருப்பித் தாக்கினார், இருவருமே வெளியேற்றப்பட்டார்கள். இதைப் போன்ற மோதல் எந்த ஊர் மைதானத்திலும் நடப்பதுதான். அன்று மட்டும் அது பார்வையாளர் பகுதிக்குத் தாவியது. இரு தரப்பு ரசிகர்களையும் பிரிக்காமல் ஒரே பகுதியில் உட்கார வைத்திருந்தார்கள். அத்தனை கூட்டத்துக்குக் காவலும் போதவில்லை. கைகலப்பிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை 1977இல் இதே ஈடனில் எதிர்த்து ஆடியவர் பிதேஷ். அந்தப் பெருமையைவிட 1980இன் சண்டைதான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பாலித்தின் நிலை இன்னும் மோசம். பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்ததே அந்த ஒரு நாள்தான். இருக்கைகளை ஒதுக்கியவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஆகஸ்ட் 16 வங்காளத்தில் இன்றும் கால்பந்து ரசிகர்கள் நாளாக, ரத்த தானத்தோடு அனுசரிக்கப்படுகிறது.

2012 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கத்தில் அதே இரு அணிகள் மோதியபோது கணக்கு வேறு விதமாக முடிந்தது. ஐ-லீக்கில் கோல்களைக் குவித்துவந்த நைஜீரியர் ஒடாஃபா ஒகோலி அப்போது மோகன் பகானில் இருந்தார். நடுவரிடம் ஆத்திரப்பட்டு முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கினார். கூட்டம் கொதித்தது, வீசப்பட்ட கல் மோகன் பகானின் ரஹீம் நபி முகத்தில் பட்டது. இடைவேளைக்குப் பிறகு களமிறங்க மோகன் பகான் மறுத்தது. அந்த முடிவு கிளப்புடையது, ஒடாஃபாவுடையது அல்ல. அதனால்தான் தண்டனையும் கிளப்பின்மேல் விழுந்தது: முதலில் தடை, பிறகு தடை நீங்கி 2 கோடி ரூபாய் அபராதம், அதுவரை சேர்த்த புள்ளிகள் அனைத்தும் ரத்து. ஒடாஃபாவைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் முதலில் அவர் அடித்த கோல்களைத்தான் சொல்கிறார்கள்.

பழியையெல்லாம் ஏற்பாடுகளின்மேல் போட்டு ஆட்டக்காரரைத் தப்பவிடுவதாகாதா இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலித்தும் பிதேஷும் செய்தது தவறுதான். சிவப்பு அட்டை அதற்கான தண்டனை. 16 உயிர்களின் பாரத்தையும் அதோடு சேர்த்துச் சுமத்துவதுதான் அநியாயம். ஆதரவு இருந்தால் கோபக்காரர் மீளவும் முடியும். 1995 ஜனவரி 25 அன்று தன்னைத் திட்டிய பார்வையாளரைப் பாய்ந்து உதைத்த எரிக் கான்டோனாவுக்குச் செப்டம்பர் இறுதிவரை தடை. மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன் அவரைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். அந்த உதை மறக்கப்படவில்லை, ஆனால் அவருடைய கதையில் அது ஓர் அத்தியாயம் மட்டுமே.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. ஒரே குற்றம் திரும்பத் திரும்ப வரும்போது இடத்தையும் கூட்டத்தையும் காரணம் காட்ட முடியாது. உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் 2010இல் நெதர்லாந்திலும் 2013இல் இங்கிலாந்திலும் எதிரணி வீரர்களையும், 2014 உலகக் கோப்பையில் இத்தாலியின் கியெல்லினியையும் கடித்தார். மூன்று நாடுகள், மூன்று அரங்குகள், ஒரே பல். பார்சிலோனாவுக்காக 198 கோல்கள் அடித்தவர் என்றாலும் இந்தக் கறை அவரே தேடிக்கொண்டது. 2025 ஆகஸ்ட் 31 அன்று, 38 வயதில், லீக்ஸ் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் சியாட்டில் அணியின் ஊழியர் ஒருவர்மேல் துப்பி, மறுபடியும் தடை வாங்கினார்.