சின்ன ராடு வந்த வழி

சூரியநெல்லியில் விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கொழுக்குமலைக்குப் போகிற ஜீப்புகள் பனியில் உறுமிக்கொண்டு நின்றன. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய மகிந்திரா கமாண்டர். தார் ரோடு முடிந்து, பாறையும் உருண்டைக் கல்லுமாக ஏற்றம் தொடங்கும் இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். கியர் ராடுக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு ராடு இருந்தது. அதன் குமிழ் கைபட்டுக் கைபட்டு ஆற்றுக் கூழாங்கல் போல வழவழத்திருந்தது. அதைப் பிடித்து ஒரு இழுப்பு. காலுக்கடியில் 'கடக்'.

“இனிமே நாலு வீலும் இழுக்கும் சார்.”

அந்த ராடு இந்த மலைக்கு வந்து சேர்ந்த கதை பெரிது. 1940-ல், நாலு சக்கரமும் இழுக்கிற லேசான வண்டி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களைக் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். பென்சில்வேனியாவில் இருந்த பாண்டம் என்ற சின்ன நிறுவனம் கார்ல் ப்ராப்ஸ்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு கெடுவுக்குள் செய்து காட்டியது. பெரிய ஆர்டர்களோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. முதலில் செய்தவர்கள் பெயர் மறைந்துபோனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். போர் முடிவதற்குள் அந்த இரண்டு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின.

இந்தியாவில் அதைக் கையில் எடுத்த நிறுவனம் 1945-ல் மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கியது. பிரிவினையில் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. பாகம் பாகமாகக் கப்பலில் வந்த வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டினார்கள். பிறகு பாகங்களே இங்கே தயாராயின, பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் பெஜோ டீசல் எஞ்சின் உட்கார்ந்தது. சின்ன ராடு மட்டும் போகவில்லை.

அது செய்கிற வேலை இரண்டு. பின்சக்கரத்துக்கு மட்டும் போகிற இழுவையை முன்சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். 'லோ'வில் போட்டால் சக்கரத்தின் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, அந்த அளவுக்கு இழுவையைக் கூட்டும். ஆள் நடக்கிற வேகத்தில், முழங்கால் உயரப் பாறை மீது எங்கள் வண்டி அணையாமல் ஏறியது அதனால்தான். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போதும் மற்ற அச்சு தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டிப் பாதையோ இடுக்கி மாவட்டம் வழியாகத்தான். போடிப் பக்கமிருந்து குரங்கணி வழியே ஏறுவதென்றால் கால்நடையாகத்தான். மேலே இருக்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கு அரிசி போவதும், நோயாளி இறங்குவதும் இந்த ஜீப்பில்தான். போருக்குச் செய்த வண்டிக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது.

இறக்கத்தில் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிரேக் மிதி பக்கம் அது போகவே இல்லை. லோவில் ஃபர்ஸ்ட் கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கியது. “இந்தக் கல்லுல பிரேக்க அழுத்தினா வீல் சுத்தாம வழுக்கும் சார். கியர்தான் காப்பாத்தும்” என்றார்.

தார் ரோட்டில் ஏறியதும் முதல் வேலையாக அந்த ராடை இருந்த இடத்துக்குத் தள்ளினார். திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இந்த வகை வண்டியில் நாலையும் கோத்துவிட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகம்தான். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்க வழியில்லாததால் முறுக்கமெல்லாம் உள்ளே இருக்கிற பல்சக்கரங்களில் ஏறும். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், காட்டுப் பாதை முடிந்ததும் அந்த ராடை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.