கேமரா சென்சாரில் தூசியா? துடைக்கும் முன் இதைப் படிங்க!

லடாக் டிரிப் முடிந்து, படங்களை லேப்டாப்பில் போட்டுப் பார்க்கிறீர்கள். பாங்காங் ஏரிக்கு மேலே நீல வானம். ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான சாம்பல் புள்ளி. லென்ஸை மாற்றினாலும் போகவில்லையா? அப்படியென்றால் தூசி இருப்பது சென்சாரில்.

உடனே துணியை எடுக்காதீங்க. பெரும்பாலான தூசி தொடாமலேயே போய்விடும். தப்பாகத் தொட்டு விழும் கீறல்தான் போகாது.

தூசி எங்கே இருக்கிறது?

லென்ஸ் மாற்றும்போது உள்ளே போகும் தூசி, சென்சாருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய ஃபில்டர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. படத்தில் தெரிவது அதன் நிழல். ட்யூப் லைட் வெளிச்சத்தில் விரலின் நிழல் கலங்கலாக விழும். மொபைல் டார்ச்சில் பளிச்சென்று விழும். இங்கேயும் அதே கதைதான். எஃப்/2.8-ல் தெரியாத தூசி, துளை சிறிதாகும் எஃப்/16-ல் தெரிந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வையுங்கள். மேனுவல் ஃபோகஸில் காட்சியை மங்கலாக்கி, வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். படத்தில் மேலே இருக்கும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். கேமராவை முன்னாலிருந்து பார்த்தால் இடம், வலம் மாறாது.

எந்த வரிசையில் சுத்தம் செய்வது?

1. மெனுவில் உள்ள 'சென்சார் க்ளீனிங்'. ஃபில்டரை அதிரவைத்துத் தூசியை உதறும். 2003-ல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் வந்த இந்த வசதி இன்று பெரும்பாலான கேமராக்களில் உண்டு. இரண்டு, மூன்று முறை ஓடவிடுங்கள்.

2. ரப்பர் ஏர் ப்ளோவர். ஃபேனை ஆஃப் பண்ணுங்க. பேட்டரி ஃபுல்லாக இருக்கட்டும். டிஎஸ்எல்ஆரில் பாதியில் சார்ஜ் தீர்ந்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். லென்ஸ் மாட்டும் வாய் கீழே பார்க்கும்படி கேமராவைப் பிடித்து, ப்ளோவர் முனையை உள்ளே விடாமல் காற்றடியுங்கள். மறுபடி டெஸ்ட் படம் எடுங்கள்.

3. ஈர ஸ்வாப். எண்ணெய்க் கறைக்கும் ஒட்டிப்போன தூசிக்கும் மட்டும். ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. அகலம். சென்சார் க்ளீனிங் திரவம் ஓரிரு சொட்டு. அழுத்தாமல் ஒரே இழுப்பு. திருப்பி மறுபக்கத்தால் இன்னொரு இழுப்பு. பிறகு தூக்கிப் போட்டுவிடுங்கள். கை நடுங்கினால் சர்வீஸ் சென்டர்தான் சரி.

இதெல்லாம் வேண்டாம்

வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேனில் வரும் காற்று திரவத்தைத் தெளிக்கலாம். மூக்குக்கண்ணாடித் துணி, இயர் பட்ஸ் வேண்டவே வேண்டாம்.

இனி லென்ஸ் மாற்றும்போது கேமராவை ஆஃப் செய்து, காற்றுக்கு முதுகு காட்டி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள்.

ஒன்றிரண்டு புள்ளி மிச்சமிருந்தால் பதற்றம் வேண்டாம். லைட்ரூமில் ஒரு படத்தில் அழித்து, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் போடலாம். நாளைக்கே கல்யாண ஷூட் என்றால், இன்று ராத்திரி முதல் தடவையாக ஸ்வாப்பைக் கையில் எடுக்காதீங்க. மண்டபத்துக்குள் எஃப்/2.8-ல் எடுக்கப்போகும் படத்தில் அந்தப் புள்ளி எப்படியும் தெரியப்போவதில்லை.