சில்லும் அதை இயக்கும் சூத்திரமும்

1972ஆம் ஆண்டில் பினாங்கு, பாயான் லெப்பாஸில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது. அவ்வட்டாரத்து மின்னணு ஆலைகளுக்கு நம் தோட்டத்துப் பெண்களும் வேலைக்குப் போனார்கள். கணினியின் மூளையாகிய சில்லில் நம்மவர் உழைப்பும் உண்டு. ஆயினும் அதை இயக்கும் இயங்குதளத்தை நாம் விலை கொடுத்தே வாங்கினோம். அதன் உட்சூத்திரமோ பூட்டிய பெட்டி.

இப்பூட்டு வேண்டாமென்று 1983இல் அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இரண்டும் இணைந்து, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிய இயங்குதளம் பிறந்தது. 2004இல் மலேசிய அரசும் பொதுத்துறைக்குத் திறந்தமூலப் பெருந்திட்டம் வகுத்தது.

இதனால் நமக்கென்ன பயன்? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பிள்ளையின் பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க எல்லார் வீட்டிலும் பணம் இருக்கிறதா? உபுண்டு, மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். நிறுவுமுன் கோப்புகளை வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். சில அச்சுப்பொறிகளும் விளையாட்டுகளும் ஒத்துவராமல் போகலாம். பள்ளிப் பாடத்துக்கு வேண்டியவை அதில் ஓடுமா என்று ஆசிரியரிடம் கேட்டறிவது நலம்.

சில்லைச் செய்த தாயின் பிள்ளை, சூத்திரத்தையும் படிக்கட்டும்.