குருதியின் சாட்சியம்

இத்தாலியில், 1877-இல், பெர்டினோ என்னும் விவசாயியின் தலைமேல் உயரத்திலிருந்து ஒரு செங்கல் விழுந்தது. உயிர் பிழைத்துக்கொண்டார், ஆனால் மண்டையோட்டில் ஓர் ஓட்டை நிலைத்துவிட்டது. எலும்பற்ற அந்த இடத்தில், தோலுக்கடியில் மூளை துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஆஞ்செலோ மோசோ என்ற உடலியங்கியல் அறிஞர் அந்தத் துடிப்பைத் தாளில் கோடாகப் பதிவுசெய்யும் கருவியை அவருக்குப் பொருத்தினார். நண்பகலில் தேவாலய மணி ஒலித்தது. கோடு எழும்பியது. முன்கையில் பொருத்தியிருந்த கருவியிலோ மாற்றம் ஏதுமில்லை. மணியோசைக்கு ஜெபம் சொல்லியிருக்க வேண்டுமல்லவா என்று மோசோ கேட்டார். ஆம் என்றார் பெர்டினோ. கோடு மீண்டும் எழும்பியது.

ஒரு மனிதனின் உள்ளுறுத்தல் தாளில் மைக்கோடாக விழுந்த அந்தக் கணத்தை மூளைப் படமாக்கலின் தொடக்கம் எனக் கொள்ளலாம். மோசோ கற்பனை மிகுந்தவர். அச்சத்தைப் பற்றி 1884-இல் ஒரு முழு நூலே எழுதினார். மண்டையில் ஓட்டையில்லாத மனிதர்களையும் ஆராய விரும்பி, ஆள் படுக்கும் அளவுக்குப் பெரிய தராசுப் பலகை ஒன்றை அமைத்தார். படுத்திருப்பவர் சிந்தித்தாலோ கலங்கினாலோ மூளைக்குக் குருதி பாய, தலைப்பக்கம் தாழும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அவருக்குப் பெரும் இடையூறாக இருந்தது மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் பலகை ஆடியது. அந்த ஆட்டத்தைத் தணிக்கவே தனியாக ஓர் எடையைப் பொருத்த வேண்டியிருந்தது. மனத்தை அளக்க வேண்டுமெனில் உடல் அசையாதிருக்க வேண்டும். அன்று வந்த இந்த நிபந்தனை இன்றுவரை தளரவில்லை.

1890-இல் இங்கிலாந்தில் ராயும் ஷெரிங்டனும் இன்னொரு படி மேலே சென்றனர். மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்குத் தேவைக்கேற்பக் குருதி கூடுதலாகச் செல்லும் என்றனர். அதற்கான அழகான சான்று 1928-இல் பாஸ்டனிலிருந்து வந்தது. வால்டர் கே. என்று மருத்துவ ஏடுகளில் குறிக்கப்படும் கப்பல் தொழிலாளி ஒருவருக்குத் தலையின் பின்புறம் இடைவிடாது ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பார்வைக்குரிய மூளைப்பகுதியில் குருதிக்குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடந்தன. ஹார்வி குஷிங் செய்த அறுவை சிகிச்சையில் அந்தப் பின்னலை அகற்ற இயலவில்லை. எலும்பில் ஓர் இடைவெளி மட்டும் மிஞ்சியது. அந்த இடைவெளியின் மேல் காதுகொடுத்தால் வெளியாருக்கும் இரைச்சல் கேட்டது. கண்ணைப் பயன்படுத்தும்போது இரைச்சல் கூடுகிறது என்று முதலில் சொன்னவர் நோயாளியே. ஜான் ஃபுல்டன் அதைச் சோதித்துப் பதிவுசெய்தார். பொடி எழுத்துகளை வாசிக்கையில் இரைச்சல் ஓங்கியது. புகையிலையை முகர்ந்தபோது மாறவேயில்லை. வாசிப்பின் ஓசையை ஒருவர் காதால் கேட்ட நிகழ்ச்சி அது. வாசகர்களாகிய நமக்கு இதைவிடப் பொருத்தமான மூளைக்கதை இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதன்பின் வந்த கருவிகளை விரைந்து கடந்துவிடலாம். கதிரியக்க வாயுக்கள் வந்தன, பாசிட்ரான் படமாக்கல் வந்தது. 1955-இல் லூயிஸ் சோகொலோஃப் முதலானோர் மனக்கணக்குப் போடும் மனிதர்களைச் சோதித்து, மூளை முழுவதுமாகச் செலவிடும் ஆக்ஸிஜன் மாறுவதே இல்லை என்று கண்டனர். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்விலும் உடலின் ஆற்றலில் 20 விழுக்காட்டை உண்கிறது. நாம் சிந்தனை என்று பெருமிதம் கொள்வது அந்தப் பெருஞ்செலவின் மேல் எழும் மெல்லிய அலை. 1986-இல் ஃபாக்ஸும் ரெய்க்கலும் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். தொடுவுணர்வுத் தூண்டலின்போது உரிய பகுதியில் குருதியோட்டம் 29 விழுக்காடு கூடுகிறது. ஆக்ஸிஜன் நுகர்வோ 5 விழுக்காடுதான் கூடுகிறது. உறவினர் நால்வர் வருவதாகச் சொன்னால் நாற்பது பேருக்குச் சமைக்கும் வீட்டைப் போல, மூளை தேவைக்கு மேல் குருதியை வரவழைக்கிறது.

மிஞ்சிய அந்த ஆக்ஸிஜன்தான் இன்றைய படங்களின் மூலம். ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றுக் குலைக்கும் என்பதை 1936-லேயே பாலிங்கும் கோரியெல்லும் காட்டியிருந்தனர். 1990-இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா அந்தக் குலைவை எலிகளின் மூளைப் படத்தில் கண்டார். 1992-இல் மனிதர்களில் அது சாத்தியமாயிற்று. ஊசியில்லை, கதிரியக்கமில்லை. எனவே குழந்தைகளையும் படமெடுக்கலாம் என்றாயிற்று.

இதழ்களில் நாம் காணும் சிவப்பும் மஞ்சளுமான மூளைப் படம் ஒளிப்படமன்று. சிந்தனை அங்கே ஒளிர்வதுமில்லை. குருதியின் ஆக்ஸிஜனில் நேரும் நுண்ணிய மாறுதலைப் பல்லாயிரம் சிறு கனசதுரங்களில் தனித்தனியே கணக்கிட்டு, தற்செயல் அல்ல என்று புள்ளியியல் தீர்மானித்த இடங்களுக்கு வண்ணம் பூசுகிறார்கள். தீர்மானிக்கும் விதி தளர்ந்தால் எதுவும் வண்ணம் பெறும். 2009-இல் கிரெய்க் பென்னெட்டும் தோழர்களும் இறந்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களின் உணர்ச்சி என்னவென்று அதனிடம் வினவினார்கள். திருத்தப்படாத கணக்கில் மீனின் மூளையில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே வகைத் தளர்ந்த கணக்கின் மேல் மனிதர்களைப் பற்றிய முடிவுகளும் எழுதப்பட்டிருந்தன.

இந்தக் கருவியிடம் மிக அவசரமான கேள்வியைக் கொண்டுவந்தவர்கள் ஆட்டிச ஆய்வாளர்கள். தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்றொரு சொல் புழங்குகிறது. சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். 1943-இல் பால்டிமோரில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக விவரிக்கப்பட்டது. அவர்களில் ஐவருக்குத் தலை சற்றுப் பெரிது என்று போகிற போக்கில் குறித்தார். இந்நிலை பிறப்பிலேயே வருவது என்றும் எழுதினார். ஆனால் பெற்றோரின் இறுக்கத்தைப் பற்றியும் அவர் எழுதியதால், பின்வந்தவர்கள் அதையே பற்றிக்கொண்டனர். குளிர்பதனப் பெட்டி போன்ற அன்பற்ற தாய்தான் காரணம் என்ற கருத்து வேரூன்றியது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் அதை உலகெங்கும் பரப்பியது. அதற்கு முன்பே, 1964-இல், ஆட்டிசக் குழந்தையின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் இது உடல் சார்ந்தது என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். 1977-இல் இரட்டையர் ஆய்வு மரபின் பங்கைக் காட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை தாய்மார்கள் தங்களையே நொந்துகொண்டு வாழ்ந்தார்கள் என்பதற்குக் கணக்கேதும் கிடையாது. மூளைப் படத்தை அந்தத் தலைமுறைப் பெற்றோர் ஆவலுடன் எதிர்நோக்கியது இயல்பே. அது அவர்களுக்கு விடுதலைப் பத்திரமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் சாட்சியங்கள் தெளிவாகவே ஒலித்தன. முகங்களைக் காணும்போது சிறப்பாக இயங்கும் ஒரு பகுதி நம் மூளையின் அடிப்பரப்பில் உண்டு. 1997-இல் நான்சி கான்விஷர் குழுவினர் அதை விரிவாக விளக்கினர். 2000-இல் ராபர்ட் ஷுல்ட்ஸ் குழு, ஆட்டிசம் உடையவர்கள் முகங்களைப் பார்க்கையில் அப்பகுதி மந்தமாக இருப்பதாக அறிவித்தது. காரணம் கிட்டிவிட்டது என்றே பலரும் கருதினர். 2005-இல் விஸ்கான்சினில் கிம் டால்டன் முதலானோர் எளியதொரு காரியம் செய்தனர். படமெடுக்கையில் கண்கள் எங்கே நோக்குகின்றன என்பதையும் அளந்தார்கள். ஆட்டிசம் உடையவர்கள் படத்திலுள்ள முகத்தின் கண்களைக் குறைவாகவே நோக்கினர். நோக்கிய நேரத்திற்கேற்ப அந்தப் பகுதியும் இயங்கியது. அதோடு, கண்களை நோக்கும்போதெல்லாம் அச்சத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய அமிக்டலா அவர்களிடம் கூடுதலாகக் கிளர்ந்தது. அதாவது அங்கே செயலிழந்த பகுதி எதுவுமில்லை. பிறர் கண்களைச் சந்திப்பது அவர்களுக்குத் தாங்க அரிதாக இருந்திருக்கலாம். முன்னதில் அவர்கள் உணர்வற்றவர்கள். பின்னதில் உணர்வு மிகுந்தவர்கள். ஒரே படம், இரண்டு மனிதர்கள்.

தமிழ் வாசகர்கள் விரும்பிப் படிக்கும் வி.எஸ்.ராமச்சந்திரனும் இந்தக் கதையில் வருகிறார். பிறர் செயலைக் காணும்போது தாமே செய்வதுபோல் இயங்கும் ஆடி நரம்பணுக்களின் பழுதே ஆட்டிசம் என்று அவரும் லிண்ட்சே ஓபர்மனும் 2006-இல் எழுதினார்கள். கவர்ச்சியான கருத்து. பிற்கால ஆய்வுகள் அதற்கு உறுதியான ஆதரவு தரவில்லை.

பிறகு அறிவியல் உலகம் தனிப்பகுதிகளை விட்டுவிட்டுப் பகுதிகளுக்கிடையேயான உறவுகளுக்கு நகர்ந்தது. கருவிக்குள் சும்மா படுத்திருந்தாலே போதும். எந்தெந்தப் பகுதிகளின் குருதியலைகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்க்கலாம். குழந்தைகளில் அண்மைப் பகுதிகளின் உறவு வலுவாகவும் தொலைவிலுள்ளவற்றின் உறவு மெலிந்தும் இருப்பதாகவும், வளர வளர அது தலைகீழாவதாகவும் கண்டனர். ஆட்டிசத்திலும் தொலைதூர உறவுகள் மெலிந்திருப்பதாகக் கட்டுரைகள் குவிந்தன. கோட்பாடு அழகாகப் பொருந்திவந்தது.

2012-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பவர் என்ற மாணவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை அந்த அழகைக் குலைத்தது. படுத்திருப்பவர் தலையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைத்தாலே போதும். அண்மை உறவுகள் வலுத்ததுபோலும் தொலை உறவுகள் மெலிந்ததுபோலும் பொய்யான கோலம் ஒன்று படத்தில் எழும். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். ஆட்டிசக் குழந்தைகள் இன்னும் அதிகம். மூளையின் வளர்ச்சி எனக் கருதப்பட்டதில் ஒரு பங்கு, குழந்தை நெளிந்ததன் தடயம்! மோசோவின் பலகையை ஆட்டிய மூச்சு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னும் தன் கணக்கைத் தீர்க்காமல் விடவில்லை.

இதில் என்னை ஈர்ப்பது இன்னொன்று. பொய்க்கோலத்தைக் கண்டுபிடித்தவர்கள் வெளியார் அல்லர். குழந்தை மூளையின் அந்த வளர்ச்சிக் கதையை முன்வைத்தவர்களுள் அதே குழுவினர் முக்கியமானவர்கள். அதன் மூத்த அறிஞர் ஸ்டீவன் பீட்டர்சன், 1988-இல் சொற்களை வாசிக்கும் மூளையைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். தமக்கு மிகவும் பிடித்தமான முடிவே பிழையின் விளைவாகிவிட்டதென்று பேட்டியில் வேதனையோடு ஒப்புக்கொண்டார். இலக்கிய உலகில் இத்தகைய வாக்குமூலங்களை நாம் அதிகம் கேட்டதில்லை. அதற்காக அத்தனை முடிவுகளும் வீண் என்று தள்ளிவிட முடியாது. அசைவைக் கழித்த பிறகும் சில வேறுபாடுகள் எஞ்சின. அவை முன்பு சொல்லப்பட்டதைவிடச் சிறியவை.

ஆனால் அசைவைக் கழிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதிகம் அசைந்தவரின் படத்தை நீக்கிவிட்டால் எஞ்சுபவர் யார்? பேரிரைச்சலிடும் குழாய்க்குள் பல நிமிடங்கள் கட்டளைப்படி கிடக்கக்கூடியவர்கள். பேச்சே வராத குழந்தையும், ஒலி தாளாமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையும், அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்த குழந்தையும் பெரும்பாலும் கணக்கில் இல்லை. பதினேழு ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து 2012-இல் பொதுவில் வைத்த 1112 பேரின் படத்தொகுதியிலும் ஆண்களே மிகுதி. பேசவியலாதோரைத் தேடித்தான் காண வேண்டும். யாருக்காகக் கேள்வி எழுந்ததோ அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறவேயில்லை.

விடைகளுள் ஒன்று தூக்கம். குழந்தை இயல்பாக உறங்கும்போது படமெடுப்பது. அப்படித்தான் 2017-இல் ஹெதர் ஹாஸ்லெட் முதலானோர், ஆட்டிசம் கொண்ட அண்ணனோ அக்காளோ உள்ள கைக்குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். இரண்டு வயதில் ஆட்டிசம் உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளின் மூளை மேற்பரப்பு, 6 மாதத்திற்கும் 12 மாதத்திற்கும் இடையில் வேகமாக விரிந்திருந்தது. மூளையின் பருமன் அதற்கடுத்த ஆண்டில் கூடியது. கானர் 1943-இல் குறித்துவிட்டுக் கடந்துபோன பெரிய தலைகள் இங்கே திரும்பி வருகின்றன. ஓராண்டுக்குள் எடுத்த படங்களைக் கொண்டு கணினி, யாருக்கு ஆட்டிசம் வரும் என்று கணித்தது. பத்தில் எட்டு சரியாக இருந்தது. இது அத்தகைய குடும்பங்களுக்குள் மட்டும் பெற்ற முடிவு. எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ள முடியாது. முன்னறிவிப்பு கிடைத்துவிட்டால் பெற்றோர் என்ன செய்வது என்பதற்கு அந்தப் படங்களில் பதிலில்லை.

படமெடுப்பது குழந்தையின் உறக்க நேரத்தில். விளக்கு தணிக்கப்படுகிறது, சிறு காதுகள் மூடப்படுகின்றன. பழகிய மடியில் குழந்தை கண்ணயர்ந்த பிறகே மெல்ல எடுத்துக் கருவிக்குள் கிடத்துகிறார்கள். இடையில் விழித்துவிட்டால் நிறுத்திவிட்டு, மறுபடி தூங்க வைக்கும்வரை காத்திருக்கிறார்கள். சில இரவுகளில் படம் எதுவும் கிடைக்காமலே தாயும் பிள்ளையும் வீடு திரும்புகிறார்கள்.